இடைக்காலத் தடை

நீதிபதி என் புருஷன் பெயரைக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. வக்கீல் பக்கத்தில் வந்து, "சொல்லும்மா, கேக்கறாங்கல்ல" என்றார்.

"வள்ளி வூட்டுக்காரரு பேருங்க" என்றேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். கட்டினவன் இன்னொருத்தியைக் கட்டப்போகிறான், இவள் பெயரைச் சொல்ல மாட்டாளாம் என்று சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன. கல்யாணமான நாளிலிருந்து என் வாயில் வராத பெயர், கடலூர் கோர்ட்டில் மட்டும் எப்படி வரும்? கடைசியில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ருக்குமணிதான் எழுந்து, "சிங்காரவேலுங்கய்யா, மைன்ஸ்ல ஆபரேட்டரு" என்று சொன்னாள்.

எமர்ஜென்சி முடிந்து அடுத்த வருஷம் அது. பிள்ளை இல்லையென்று மாமியார் குறிஞ்சிப்பாடிப் பக்கம் பெண் பார்த்திருந்தாள். இவர் என்னிடம் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, டிரங்குப் பெட்டியிலிருந்து பட்டுவேட்டியை எடுத்துக்கொண்டு போனார். ஓவர்டைமுக்குப் பட்டுவேட்டி! அடுத்த நாள் காலையில் முகூர்த்தம் என்று எனக்குச் சொன்னதும் ருக்குமணிதான். கையோடு கோர்ட்டுக்கு இழுத்து வந்ததும் அவள்தான்.

தடை உத்தரவு அன்றைக்கே கிடைத்துவிட்டது. வெளியே வந்ததும் வக்கீல் சொன்னார். "ஆர்டர் கெடச்சா மட்டும் பத்தாது. தாலி கட்டறதுக்கு முன்னாடி அவன் கையில சேரணும். அமீனாவோட நீயும் போயி ஆளைக் காட்டு. கட்டிட்டான்னா அப்பறம் கேசுதான், வருஷக்கணக்குல இழுக்கும்."

நான் அழுவேன் என்று ருக்குமணி பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, பசிதான் எடுத்தது. கோர்ட் வாசல் கடையில் இட்லி தின்றேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அமீனாவோடு போய் இறங்கினோம். உத்தரவைச் சேர்ப்பிக்கிற அந்தக் கோர்ட் ஆள் வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வந்தார். முருகன் கோயில் மண்டபத்தில் ஒரு கல்யாணம் இல்லை, நாலு கல்யாணம். நாலு மாப்பிள்ளைகளும் எங்களுக்கு முதுகைக் காட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் பட்டுவேட்டி, கழுத்தில் மாலை. முன்னால் போக விடாமல் ஜனம் அடைத்துக்கொண்டு நின்றது.

அமீனா தாளைப் பிரித்துப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு தலையும் திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார்.

"அந்தப் பேருல இங்க யாரும் இல்லீங்க" என்றார் ஒருவர். என் வீட்டுக்காரருடைய தாய்மாமா. எங்கள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர். என்னைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னார்.

"ஆள் மாறிக் குடுத்தா என் வேல பூடும்மா" என்றார் அமீனா. "ஒன் வூட்டுக்காரரு யாரு? சீக்கிரம் சொல்லு."

குருக்கள் தாலிகளைக் கொடுத்துவிட்டுக் கையைத் தூக்கினார். நாதஸ்வரம் நின்றது. தவுல்காரர் குச்சியை ஓங்கியபடி காத்திருந்தார்.

"ஏங்க" என்றேன்.

சத்தம் போட்டுக்கூடக் கூப்பிடவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிடுவேனே, அப்படித்தான் வந்தது.

மூன்றாவது மாப்பிள்ளை திரும்பி, "ம்?" என்றார்.

அமீனா ஜனத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவர் கையில் உத்தரவைக் கொடுத்தார். பக்கத்தில் இருந்த பெண் தலையைத் தூக்கவேயில்லை. சின்னப் பெண். மாமியார் என்னைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். ருக்குமணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெயிச்சுட்ட செங்கமலம், ஜெயிச்சுட்ட" என்றாள். எனக்குச் சந்தோஷமாகவும் இல்லை, துக்கமாகவும் இல்லை.

அவர் எழுந்து நின்றார். ஒரு கையில் கோர்ட் தாள், இன்னொரு கையில் மஞ்சள் கயிறு. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். ஷிப்ட் விட்டு வந்ததும் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் இப்படித்தான் நிற்பார்.

ஆணியில மாட்டுங்க என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது எனக்கு.