ஐந்து அங்குலத் தண்ணீர்

மாட்டுங்காவில் வாலாம்பாள் வீட்டுச் சமையலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் குடத்துக்கு ஐந்து அங்குலம் மேலேயே நின்றுவிடும். அது 1963. குடத்தை உயர்த்தினால் தண்ணீரும் உயர்ந்துகொள்ளும். பக்கத்திலிருந்து கரண்டியை விட்டு, தயிரை வெட்டுவதுபோல் எடுத்து நிரப்பினார்கள். இதற்காக யார் ஆபீசுக்கு மட்டம் போடுவார்கள்? எட்டிப் பார்த்துவிட்டு லோக்கல் ரயில் பிடிக்க ஓடினார்கள்.

காரணம் தெரிந்தவன் குழாய் போட்ட தாராவி இசக்கிப்பாண்டி ஒருவன்தான். குறுக்கே உத்தரம் வந்ததால் குழாயைச் சாய்வாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஓரடி பக்கவாட்டில், ஓரடி மேலே. அந்தச் சாய்வுத் துண்டுக்குப் பதினேழு அங்குலம் வேண்டும். பிளம்பர்களுக்கெல்லாம் மனப்பாடமான கணக்கு. பேச்சு சுவாரசியத்தில் பாவி மனுஷன் சாய்வுக்கும் ஓரடியே வெட்டிவிட்டான். வெளியே சொல்ல வெட்கம். குறைந்த ஐந்து அங்குல இடைவெளியில் சைக்கிள் டியூபைச் சுற்றி, சணல் திணித்து, சிமென்ட் பூசி மூடினான். ஒரு சொட்டுக் கசியவில்லை. அதுதான் வினை.

அதே வாரம் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள் பர்வதவர்த்தினி. "இவ கால் வச்ச நேரம், தண்ணிகூட எறங்கமாட்டேங்கறது" என்றாள் வாலாம்பாள். அந்தத் தோஷம் கழியப் பெண் விரதமிருந்தே துரும்பாக இளைத்தாள். குழாயைப் பார்க்க அழைத்தபோது, அவள் எதிரிலேயே, "வாசர் தேஞ்சிருக்கு மாமி" என்று புளுகிவிட்டு வந்தான் இசக்கி. சீ, அதுவும் ஒரு பிழைப்பா! சோற்றில் கை வைத்தால் அவள் முகம்தான் வந்து நின்றது. கார்த்திகையில் அவளைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பப் பெட்டி கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் உளியும் சுத்தியலுமாக ஓடினான்.

"மாமி, அவுக மேல ஒரு குத்தமும் இல்ல. நாந்தான் கொறச்சு வெட்டிட்டு மூடி மறைச்சேன். இத்தன நாளா வாயத் தொறக்கல" என்றான். காதுமடல் எரிந்தது. சுவரை உடைத்து, நாறிப்போன டியூபை எல்லோர் முன்னும் எடுத்துப் போட்டான். பதினேழு அங்குலக் குழாயை மாட்டியதும் தண்ணீர் சளசளவென்று குடத்தில் இறங்கியது. வாலாம்பாள் பெட்டியிலிருந்த புடவைகளைத் தன் கையாலேயே எடுத்து அலமாரியில் வைத்தாள்.

பர்வதவர்த்தினி இசக்கிக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அண்ணாந்து ஊற்றினான். தண்ணீர் வாய்க்கு ஐந்து அங்குலம் மேலே நின்றது. சொம்பை நிமிர்த்தியதும் பேசாமல் சொம்புக்கே திரும்பியது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் உள்ளே போய்த் தன் டம்ளரைக் கொண்டுவந்து, மாமியார் பார்க்கப் பார்க்க, அவன் கையில் கொடுத்தாள்.

"வாய் வச்சே சாப்பிடுங்கோ."

அதன்பின் சாகும்வரை இசக்கிப்பாண்டி அண்ணாந்து குடிக்கவில்லை. தாராவியிலும் யாரும் ஏனென்று கேட்கவில்லை.