மாரடைப்பு வந்தது ஹில்கெவுக்கு

எங்கள் வீட்டில் இதய நோயாளி நான்தான். சில வருடங்களுக்கு முன் நடு நெஞ்சைப் பிளந்து எனக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். அன்றிலிருந்து என் சாப்பாட்டில் உப்பைக் குறைப்பவள், மாத்திரையை நீட்டுபவள், ஆஸ்பத்திரிக்குக் காரோட்டுபவள் எல்லாம் என் மனைவி ஹில்கெதான். நெதர்லாந்தின் ஹார்லிங்கன் ஊர் நீச்சல் குளத்தில் பயிற்சியாளர் அவள். தும்மல்கூட அவளுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் என் பரிசோதனைக்குப் போயிருந்தோம். லிஃப்ட் பழுது. நான் மெதுவாக மாடியேறித் திரும்பிப் பார்த்தால், அவள் பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

"என்னடி, வயசாயிடுச்சா?"

உதடு நீலமாகி, அப்படியே படியில் சரிந்தாள்.

என்னைப் பார்க்கவேண்டிய டாக்டர் வேனிங்கா அவளை ஸ்கேன் செய்தார். "உங்களுக்கு மாரடைப்பு வந்திருக்கு. சில மாசம் ஆயிருக்கும்."

"அது இவருக்கு, டாக்டர். ஃபைல் மாறிப்போச்சு," என்று ஹில்கெ சிரித்தாள்.

"இல்லைங்க. உங்களுக்குத்தான். தாடை வலி, வாந்தி, அந்த மாதிரி ஏதாவது?"

அவள் சிரிப்பு நின்றது. வசந்தத்தில் ஒருநாள் தாடை வலித்து வாந்தியெடுத்தாள். கெட்டுப்போன மீன் என்று நினைத்தோம். அன்று மாலையும் என் மாத்திரையை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

அவள் இதயச் சுவரில் ஒரு பகுதி செத்து, பலூன்போலப் புடைத்திருந்தது. நெஞ்சைப் பிளக்கவேண்டாம் என்றார் டாக்டர். விலா எலும்புகளுக்கு நடுவே சின்னக் கீறல், கழுத்து ரத்தக்குழாய் வழியே ஒரு மெல்லிய குழாய். அவற்றின் வழியாகப் புடைப்பை மடித்து இறுக்கிவிடலாம். அப்போதும் இதயம் துடித்துக்கொண்டே இருக்கும்.

"துடிக்கும்போதேவா?" என்று இரண்டு தடவை கேட்டேன்.

சிகிச்சை முடிந்த மறுநாள் அவள் சட்டையை விலக்கிக் காட்டினாள். மார்புக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு கட்டு.

"இவ்வளவுதானா?"

"உனக்கு நெஞ்சுல தண்டவாளமே போட்டாங்க, வீபெ. எனக்கு சன்னல் வழியா வந்துட்டுப் போயிட்டாங்க."

அவள் சிரித்தாள். நான் என் நெஞ்சைத் தடவிக்கொண்டேன். என் நாடியைப் பிடித்த செவிலியர், "இன்னிக்கு நோயாளி அவங்க. நீங்க பேசாம உக்காருங்க," என்று அதட்டினார்.

குளிர்காலம் முழுக்க நான் சமைத்தேன். குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். டாக்டர் அனுமதித்த பிறகு மறுபடி குளத்தில் இறங்கினாள். நான் கரையில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் தலை தண்ணீருக்குள் போனால், அது வெளியே வரும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.