இன்னும் வேண்டுமா

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி நான் நூற்றுநாற்பது கடிதங்கள் அனுப்பினேன். எல்லாவற்றிலும் ஒரே வாசகம். "நீங்கள் கேட்ட ஆவணம் உங்களுக்கு இன்னும் வேண்டுமா? முப்பது வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் வேண்டாம் என்று கொள்வோம்."

படகுகள் ஏறி இறங்கும் ஆற்று மதகுகளைச் சோதிக்கும் அலுவலகம் எங்களுடையது. வாஷிங்டனில், மூன்றாம் மாடி. மக்கள் எழுதிக் கேட்கும் ஆவணங்களைத் தேடிக் கொடுப்பது என் வேலை. செப்டம்பர் முப்பதோடு எங்கள் ஆண்டு முடிகிறது. எத்தனை மனுக்கள் தேங்கியிருக்கின்றன என்று நாடாளுமன்றத்துக்கு எழுத வேண்டும். எண் பெரிதாக இருந்தால் என் மேலதிகாரி டோரிஸ் ஹேக்னியைக் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

கடிதங்களில் ஒன்று மேற்கு வர்ஜீனியாவில் இருக்கும் நெவா ஸ்டிடமுக்கு. அவள் கணவன் ஹார்லன் சரக்குப் படகில் வேலை செய்தவன். ஒஹையோ ஆற்றில் ஒரு மதகில் படகைக் கட்டும்போது, சுவரிலிருந்த இரும்புக் குற்றி வடத்தோடு பிடுங்கிக்கொண்டு வந்து அவன் மார்பில் அடித்தது. அது ஒரு ஜனவரி பதினான்கு. அந்தக் குற்றியை அதற்கு முன் யாராவது சோதித்தார்களா என்று நெவா கேட்டிருந்தாள்.

சோதித்திருந்தார்கள். மூன்று பக்கங்கள், என் மேசை இழுப்பறையில். "குற்றி அசைகிறது. மாற்ற வேண்டும்." அவன் சாவதற்கு ஒன்பது மாதம் முந்தைய தேதி. சட்டப் பிரிவின் ஒப்புதலுக்காகப் பதினோரு மாதமாகக் காத்திருந்தது.

"இவங்களுக்குமா அனுப்பணும்? பக்கம் ரெடியா இருக்கு, டோரிஸ்."

"ஒப்புதல் வந்துச்சா?"

"இல்ல."

"அப்ப ரெடியா இல்ல. அனுப்பு வெண்டல். வேணும்னா வேணும்னு சொல்லப் போறாங்க. வாய் இல்லையா?"

"அவங்க தபால்ல எழுதுறவங்க."

"அப்ப கை இருக்கும்ல."

செப்டம்பர் இருபத்து நான்காம் தேதி கெடு முடிந்தது. அன்று ஒரே நாளில் தொண்ணூற்றொரு மனுக்களை மூடினோம். டோரிஸ் எல்லோருக்கும் டோனட் வாங்கி வந்தாள்.

நெவாவின் பதில் அக்டோபர் மூன்றாம் தேதி வந்தது. வாஷிங்டனில் அரசு அலுவலகங்களுக்கு வரும் தபாலை, கிருமிக்குப் பயந்து, வேறோர் ஊரில் கதிர்வீச்சில் காட்டித்தான் அனுப்புகிறார்கள். வாரக்கணக்கில் ஆகும். காகிதம் மஞ்சளாகி, தொட்டால் ஒடியும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் நாங்கள் யாரும் தபாலை நம்புவதில்லை. கடிதத்தில் அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

எங்கள் கடிதத்தின் பின்புறத்திலேயே எழுதியிருந்தாள். "வேண்டும். அதனால்தான் கேட்டேன்."

"புது எண் போடு. வரிசையில கடைசி" என்றாள் டோரிஸ்.

"தபால் முத்திரை ஆகஸ்ட் பதினெட்டு."

"நம்ம கைக்கு எப்ப வந்துச்சு?"

"இன்னைக்கு."

"அப்ப இன்னைக்குத்தான்."

மறுவாரம் நெவா தொலைபேசியில் வந்தாள்.

"வேணும்னு எழுதிப் போட்டேனே. வந்துச்சா?"

"வந்துச்சும்மா. தாமதமா வந்துச்சு."

"எங்க ஊர் வக்கீல் காகிதத்தைக் கொண்டா, அப்புறம் பேசலாங்கிறார். வெறுங்கையோட நஷ்டஈடு கேட்டா தூக்கிப் போட்டுருவாங்களாம். ரெண்டு வருஷத்துக்குள்ள கேக்கணுமாம். வர்ற ஜனவரி பதினாலோட முடியுது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அப்படி ஒரு காகிதம் இருக்கா, இல்லையா?"

இழுப்பறை என் முழங்காலில் இடித்தது.

"அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லம்மா."

"இல்லேன்னா இல்லேன்னு சொல்லிட்டுப் போயிருப்பீங்க. சரி. புரிஞ்சுது."

"காகிதத்தைக் கேட்டு கோர்ட்டுக்குப் போங்க. வக்கீல் இல்லாமலே போகலாம்."

போனாள். ஜனவரி ஆறாம் தேதி விசாரணை என்று போட்டார்கள். அரசு வக்கீல் பிரையர், நான் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டிய வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தான்.

"'குறித்த காலத்துக்குள் பதில் கிடைக்கவில்லை.' உண்மைதானே?"

"உண்மை. முத்திரைத் தேதியையும் சேருங்க."

"அதை யாரும் கேக்கலையே சார்."

"சேர்த்தாத்தான் கையெழுத்து."

"ஒரு வரி மாத்தினா மறுபடி மூணு பேர் பாக்கணும். தெரியும்ல?"

தெரியும். பிடித்த பிடியில் நின்றேன்.

மூன்று பேரும் பார்த்தார்கள். நடுவில் கிறிஸ்துமஸ் விடுமுறை. பிரையர் மூன்று வாரம் தவணை கேட்டான். நீதிமன்றம் கொடுத்தது. விசாரணை பதினான்கைத் தாண்டி ஜனவரி இருபத்தேழுக்குப் போனது.

அன்று நீதிபதி என் வரியை இரண்டு முறை வாசித்தார்.

"இதை எழுதினது யாரு?"

எழுந்து நின்றேன்.

"நல்லது. உக்காருங்க."

பக்கங்களை அன்றே கொடுக்க உத்தரவிட்டார். அவர் முன் இருந்த கேள்வி அது ஒன்றுதான்.

வெளி நடையில் நெவாவிடம் கொடுத்தேன். இரவெல்லாம் பஸ்ஸில் வந்தவள். கோட்டைக் கழற்றவில்லை. நின்றபடியே மூன்று பக்கங்களையும் வாசித்தாள்.

"ஒன்பது மாசம்" என்றாள்.

பக்கங்களிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"யாரோ ஒரு வரி சேர்க்கணும்னு நின்னாராம். அதனாலதான் தள்ளிப்போச்சுன்னு அந்த வக்கீல் தம்பி சொன்னார். அது நீங்களா?"

"ஆமா."

தலையசைத்தாள். பக்கங்களை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். பஸ் நிலையம் எந்தப் பக்கம் என்று கேட்டாள். சொன்னேன்.

அலுவலகத்துக்குத் திரும்பி அவளுடைய புது எண்ணையும் மூடினேன். மூடிய மனு, போன ஆண்டு அறிக்கையில் ஒன்று. இந்த ஆண்டு அறிக்கையில் ஒன்று.