தனி அடுப்பு, தனி அட்டை

அந்த வருஷம் சர்க்கரைக்குக் கட்டுப்பாடு வந்தது. ஓர் அட்டைக்கு இவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு கரண்டி கிடையாது. சாமளாபுரத்து மருதம்மாளுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் உலகத்தில் இல்லை. அவள் வீட்டில் கணவர் ஆறுமுகசாமி, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், நான்கு குழந்தைகள் என்று அவளோடு பத்து உருப்படி. எதிர்வீட்டுக் காளியாத்தாள் வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். இரண்டு வீட்டுக்கும் ஒரே அளவு. பத்தாம் தேதிக்கு மேல் மருதம்மாள் கருப்பட்டிக் காப்பிதான் குடித்தாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

"கூட்டுக் குடும்பமா இருக்கறது குத்தமுங்களா?" என்று ரேஷன் கடையில் சண்டைக்கு நின்றாள்.

"சர்க்கார் கணக்குல குடும்பம்னா ஒரு அடுப்புங்க" என்றார் கடைக்காரர். "அடுப்பு ரெண்டானா அட்டையும் ரெண்டு."

வீடு வந்து சேர்வதற்குள் மருதம்மாள் முடிவெடுத்துவிட்டாள். தறிக்கொட்டகை வாசலில் நின்று சத்தம் போட்டாள். "ஒரு மாசத்துக்குப் பிரிஞ்சுக்கலாம்!"

தறி இரைச்சலில் பாதி மட்டும் கேட்ட ஆறுமுகசாமி தறியை நிறுத்தினார். "பிரியறதா? இந்த வயசுல எங்க போவே?"

"நாம இல்லீங்க. சின்னவனும் அவன் பொண்டாட்டியும். சும்மா பேருக்குத்தான்."

சின்னவன் செங்கோட்டையனும் மனைவி செல்லாத்தாளும் கொட்டகைக்குப் பின்னால் நூல் அடுக்கும் அறைக்குப் போவதென்று ஏற்பாடு. செல்லாத்தாள் அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். "செரீங்க அத்தை" என்பதைத் தவிர வேறு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

"ஊரு நம்போணுமில்ல? நாளைக்குக் கொழாயடில எங்கூட ஒரு சண்டை போடு கண்ணு."

"செரீங்க அத்தை."

மறுநாள் காலை குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் செல்லாத்தாள் ஆரம்பித்தாள். தலைச்சன் பிரசவம் முடிந்து வந்தபோது அம்மா கொடுத்தனுப்பிய நெய்ச்சட்டி எங்கே போனது? தனக்கு மட்டும் ஏன் எப்போதும் அடிச்சோறு? தீபாவளிச் சேலையில் பெரியவளுக்குச் சரிகை, தனக்கு வெறும் கரையா? அரை மணி நேரம் மூச்சு விடாமல் கேட்டாள். தெருவில் மூன்று வீட்டுத் தறி நின்றுபோனது. மருதம்மாளும் நாலு வார்த்தை தயார் செய்துகொண்டு போயிருந்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் மெதுவாகக் கேட்டாள். "அந்த நெய்ச்சட்டி... நெசமாவா சொன்னே?"

"நடிப்புதானுங்க அத்தை" என்றாள் செல்லாத்தாள். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

புது அட்டைக்கு மனுக் கொடுத்ததும் விசாரணைக்கு மாரப்பன் என்ற இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான மனிதர், சந்தேகம் மட்டும் பருமன். இரண்டு அடுப்பிலும் இருந்த சட்டியைத் திறந்து பார்த்தார். இரண்டிலும் ஒரே கத்தரிக்காய்க் குழம்பு.

"குழம்பு மட்டும் இன்னும் பிரியலீங்களாம்மா?"

செல்லாத்தாள்தான் முன்னே வந்தாள். "கொழம்பு வெக்கக் கத்துக்கிட்டதே அத்தைகிட்டத்தானுங்க சார். ஊடு பிரிஞ்ச உடனே கை பிரியுமுங்களா?"

மாரப்பன் அவளை ஒரு கணம் பார்த்தார். புது அட்டை கொடுக்கலாம் என்று எழுதினார். "சொல்லாம மறுபடியும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பயத்தில் செல்லாத்தாள் நிஜமாகவே தனியாகச் சமைக்க வேண்டியதாயிற்று. ஒரு வாரத்தில் நூல் அறையிலிருந்து அரிசி பருப்புச் சோற்று வாசனை கொட்டகை முழுக்கப் பரவியது. ஆறுமுகசாமி மத்தியானமானால் 'நூல் பார்க்க'ப் போய், வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். பகலில் பெண்டாட்டியிடம் முகம் கொடுத்துப் பேசியறியாத செங்கோட்டையன் அங்கே உட்கார்ந்து வெங்காயம் உரித்தான். பெரிய மருமகள் முத்தாயி உப்புக் கேட்கப் போனால் உப்பில்லாமல், ஒரு மணி நேரம் கழித்து வந்தாள்.

அட்டை வந்தது. மருதம்மாள் கையை நீட்டினாள். "சர்க்கரையை இங்க கொண்டாந்துட்டு அடுப்பை அணைச்சுப்போடு கண்ணு."

"அதெப்படிங்க அத்தை? சீல் குத்திக் குடுத்துருக்குதுங்க. அணைச்சா சர்க்காரை ஏமாத்தின கேசுங்களே!"

மருதம்மாள் மகனைப் பார்த்தாள். அவன் அட்டையில் 'குடும்பத் தலைவர்' என்பதற்கு நேரே தன் பெயரை நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தான்.

ஆத்திரத்தில் அவள் மனு எழுதிப் போட்டாள்: குடும்பம் சேர்ந்துவிட்டது, இரண்டாவது அட்டையை ரத்து செய்க. இரண்டு வாரம் கழித்து மாரப்பன் மனுவோடு வந்தார்.

"பத்து வருச சர்வீஸ்ல அட்டை குடுங்கன்னுதான் மனு பாத்துருக்கறேன். வேண்டாம்னு இதான் மொத மனு. சொல்லுங்க, ஒரு குடும்பமா, ரெண்டா?"

மருதம்மாள் நூல் அறைப் பக்கம் பார்த்தாள். அந்த இரண்டு வாரமும் தினம் காலையில் செல்லாத்தாள் ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தாள், விருந்தாளிக்கு வைப்பதுபோல. வைத்துவிட்டு ஓடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். ஒரு நாள் மருதம்மாளே நெய்ச்சட்டி விஷயத்தை ஒத்துக்கொண்டாள். சொந்தபந்தம் ஒறம்பரையாக வந்திருந்தபோது இட்லிக்கு ஊற்றித் தீர்த்துவிட்டதாக. இருவரும் சிரித்தார்கள். ஒரே அடுப்பில் வெந்த மூன்று வருஷத்தில் இப்படி ஒரு நாளும் சிரித்ததில்லை.

"ரெண்டுதானுங்க சார்" என்றாள். "கோவத்துல எழுதிப்போட்டனுங்க. கிழிச்சுப்போடுங்க."

மாரப்பன் பெருமூச்சு விட்டு, மனுவை மடித்துப் பையில் வைத்து எழுந்தார். வாசற்படி தாண்டுவதற்குள் சமையலறையிலிருந்து முத்தாயியின் குரல் வந்தது.

"சார், போறதுக்கு முன்னால எங்களுக்கும் புது அட்டைக்கு ஒரு பாரம் குடுத்துட்டுப் போங்க!"