சுரண்டிய சிவப்பு

மாமியாரின் பெயருக்குச் சிவப்புச் சாயம் பூசத்தான் தாத்சுகோ கல்லறைப் படிகளில் மூச்சிரைக்க ஏறினாள். ஓனோமிச்சி ஊரில் கணவன் செத்ததும் கல்லில் மனைவியின் பெயரையும் சேர்த்தே வெட்டிவிடுவார்கள். அவள் உயிரோடிருக்கும்வரை எழுத்து சிவப்பு, போனபின் சிவப்பைச் சுரண்டிவிடுவார்கள். மாமியார் கினுயோவுக்கு வயது நூற்று நான்கு. அவள் பெயரின் சிவப்பு நாலு தடவை வெளிறி, நாலு தடவை புதுப்பித்தாயிற்று. எமன் வரும்போதெல்லாம் விலை படியவில்லை என்று வாசலோடு அனுப்பிவிடும் கிழவி. பக்கத்திலேயே, கணவனை இழந்த நாளில் வெட்டிய தாத்சுகோவின் பெயர். அவளுக்கும் எழுபத்தெட்டு ஆகிறது. கிழவிக்குப் பிறகு ஐந்து வருஷமாவது தன் இஷ்டத்துக்கு இருந்துவிட வேண்டும்; அவள் கேட்டது அவ்வளவுதான்.

கினுயோவின் பெயர் மங்கலாக, ஆனால் சிவப்பாகவே இருந்தது. தாத்சுகோவின் பெயரில் பொட்டுச் சிவப்பு இல்லை. எழுத்துக்குழியில் புதுக் கல்தூள்.

அடுத்த கல்லைக் கழுவிக்கொண்டிருந்த கல்தச்சன் குன்ஜி நிமிர்ந்தான். கையிலிருந்த வாளி படிகளில் உருண்டது.

"அக்கா... நீங்களா?"

"நான் இல்லாம என் ஆவியா? யாருடா இதைச் சுரண்டச் சொன்னது?"

"உங்க மாமியார்தான். நேத்து போன் பண்ணாங்க. 'மருமக போயிட்டா, சிவப்பை எடுத்துடு'ன்னாங்க. அழக்கூட இல்லை. நூத்தி நாலு வயசுல இதுல விளையாடுவாங்களா?"

"அவங்க படுக்கையை விட்டு எழுந்தே மூணு வருஷமாச்சு. போன் கூடத்துல இருக்கு."

அவள் நீட்டிய சாய டப்பாவைக் குன்ஜி வாங்கவில்லை.

"எடுத்த சிவப்பை நான் திரும்பப் பூசினதில்லைக்கா. கோயில் சாமியாரைத்தான் கேக்கணும்."

"உயிரோட நிக்கிறேன், சாமியாரை எதுக்குக் கேக்கணும்?"

அவன் அவள் காலடியைப் பார்த்தான். நிழல் விழுகிறதா என்று பார்க்கிறான் என்பது புரிந்ததும் தாத்சுகோவும் குனிந்து பார்த்தாள். வானம் மூடிக் கிடந்தது. யாருக்குமே நிழல் இல்லை.

வீட்டில் ஊதுவத்தி மணந்தது. கூடத்தில் கினுயோ முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். தாத்சுகோ வழக்கமாக உட்காரும் மெத்தைக்கு எதிரே ஒரு கிண்ணம் சோறு, அதன் நடுவில் செத்தவர்களுக்குக் குத்துவதுபோல இரண்டு சாப்பாட்டுக் குச்சிகள் நேராக நின்றன.

"அத்தை, என்ன கூத்து இது? நான் வந்துட்டேன்."

கிழவி கைகூப்பி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

தாத்சுகோ அந்த மெத்தையில் உட்கார்ந்தாள். குச்சிகளை வெடுக்கென்று பிடுங்கி, சோற்றை வாய்கொள்ளாமல் அள்ளி, வேண்டுமென்றே சத்தமாக மென்றாள்.

முணுமுணுப்பு நின்றது. கினுயோ தலையைச் சாய்த்துக் காதுகொடுத்தாள். பார்வை தாத்சுகோவின் முகத்தைக் கடந்து பின்சுவருக்குப் போயிற்று.

"மறுபடியும் எலி வந்துடுச்சு," என்றாள்.