ஏழில் இரண்டு கம்பி

மூன்றாவது மாடித் தளத்தில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்த மெஷின் ஒருமுறை திமிறி நின்றது. அதைப் பிடித்திருந்தவன் சூப்பர்வைசருடைய மனைவியின் தம்பி. “என்னமோ இடிக்குது மாமா” என்றான்.

சூப்பர்வைசர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். அந்தத் தளத்தைத் தாங்குவதே உள்ளே நெடுக ஓடும் கேபிள்கள்தான். ஏழு கம்பிகளை முறுக்கிய ஒவ்வொரு கேபிளும் ஜாக்கி வைத்து டன் கணக்கில் இழுத்துக் கட்டப்பட்டது. இந்தக் கேபிளில் இரண்டு கம்பிகள் அறுந்திருந்தன. கேபிள் போகும் வழி தெரிவதற்காகக் கீழ்வீட்டுக் கூரையில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். வீடு பார்க்க வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று அதன்மேல் வெள்ளையடிக்கச் சொன்ன புண்ணியவான் இவரேதான். பிறகு ஞாபகத்தை நம்பி ஓட்டைக்குக் குறி போட்டுக் கொடுத்தவரும் இவரேதான்.

“கல்லு மாப்ள. ரெண்டடி தள்ளிப் போடு” என்றார். பழைய ஓட்டையைத் தன் கையாலேயே சிமென்ட் வைத்துப் பூசினார்.

தள்ளிப் போட்ட இடத்தில் இன்னொரு கேபிள் முழுசாகவே அறுந்தது. ஆபீஸ் வரை சத்தம் கேட்டதால் அதை மறைக்க வழியில்லை. ஒன்று அறுந்தால் கைத்தவறு என்று சமாளிக்கலாம், இரண்டு என்றால் வேலைக்கே வேட்டு. ஒன்று என்றுதான் எழுதிக் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து ரிப்பேர்காரர் தன் ஆட்களோடு வந்தார். “பக்கத்து கேபிள்ல அடி பட்டிருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அதோட இழுவையை இறக்கிட்டுத்தான் இதைத் தொடணும்.”

“இல்ல சார். ஒண்ணுதான்.”

கீழே முட்டுக்கொடுத்துவிட்டு, அறுந்த இடத்தில் காங்கிரீட்டை உடைக்க ஆரம்பித்தார்கள். கேபிளுக்கு நேராக, தளத்தின் விளிம்பில் யாரும் நிற்கக் கூடாது. அறுந்தால் கம்பி வெளியே பாயும். மச்சான் ஒழுங்கான பிள்ளை. சொன்னபடி இரண்டடி விலகி, வெளிச்சாரத்தில் நின்றான்.

அவன் நின்றது பூசி மறைத்த ஓட்டைக்கு நேரே. சூப்பர்வைசர் அதைப் பார்த்தார். ஒரு வார்த்தை தொண்டைவரை வந்தது. கூடவே வேலையும் ஞாபகம் வந்தது.

“மாப்ள, போய் டீ வாங்கிட்டு வா.”

“இதை முடிச்சிட்டுப் போறேன் மாமா.”

அவ்வளவுதான். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை, பாவி மனுஷன். உடைக்கிற மெஷினின் அதிர்வில் மிச்சம் ஐந்து கம்பிகளும் படாரென்று அறுந்தன. விளிம்பைப் பிய்த்துக்கொண்டு கேபிள் வெளியே பாய்ந்தது. மச்சானுடைய முழங்காலில் எலும்பு என்று ஒன்று மிஞ்சவில்லை.

ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் அவன் அக்காவைத்தான் தேற்றினான். “மாமாவைத் திட்டாதக்கா. அவரு லைட் அடிச்சுப் பாத்துட்டுத்தான் கல்லுன்னு சொன்னாரு.”

வராந்தாவில் ரிப்பேர்காரர் ஒரு கேபிள் துண்டோடு நின்றிருந்தார். சூப்பர்வைசர் கையில் அதை வைத்தார். ஐந்து முனைகள் பளபளத்தன. இரண்டில் துரு ஏறியிருந்தது.

“துரு ஒரு நாள்ல வராது சார். அறுந்ததை என்னால சேத்து இழுத்துக் கட்ட முடியும். அதுக்குத்தான் நான் இருக்கேன். தப்பைச் சொன்னா சரி பண்ணலாம். மறைச்சா, எதுவும் தெரியாதவன் தலையிலதான் அது விழும்.”

மனைவி கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“நீங்க பாத்தீங்களா?”

ஆமாம் என்று அவர் தலையாட்டினார்.

“அவன் அங்க நிக்கிறப்பவும் தெரியுமா?”

அதற்கும் தலையாட்டினார். அவருக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை.

“வேலை போயிருந்தா வேற வேலை தேடியிருக்கலாம். இனிமே அவனுக்கு எங்க போய்க் கால் தேடுவேன்? உங்க வேலைதான் பத்திரமா இருக்கே. நேரமாச்சு, போய்ப் பாருங்க.”