மணியை அமுக்கிய விரல்

என் தங்கைக்கு அவசரமாக ஒரு கொலைகாரி தேவைப்பட்டாள். போலீஸ் கொண்டுவந்து கொடுத்தது.

இப்படிச் சொன்னால் என்னை ஈவிரக்கம் இல்லாதவள் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை சூட்கேஸோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றவளை உள்ளே அழைத்தது நான்தானே. ஏழாம் மாதத்திலேயே பிறந்த அவளுடைய மகன், ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் சில வாரம் மூச்சைப் பிடித்து வைத்திருந்துவிட்டு ஒரு மத்தியானம் விட்டுவிட்டான். இவளுக்குப் பால் வற்றுவதற்கு முன்பே மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"நல்ல வயிறா இருந்தா முழு மாசமும் தாங்கியிருக்கும். இவ வயித்துல எதுவும் தங்காது. என் பிள்ளைக்கு வேற வழி பார்க்கணும்."

அந்தப் பிள்ளை, என் தங்கையின் கணவன், ஒரு வாயில்லாப் பூச்சி. மனைவியைப் பஸ் ஏற்றிவிட்டு, பஸ் கிளம்பும்வரைகூட நிற்காமல் போய்விட்டான். என் வீட்டில் தங்கை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், குளி என்றால் குளித்தாள்.

பிறகு ஒருநாள் காலைச் செய்தியில் அந்த நர்ஸின் முகம் வந்தது. குழந்தைகள் வார்டில் மூன்று குழந்தைகளைச் சாகவிட்டதாகக் கைது. மூன்றில் ஒன்று எங்களுடையது. அன்று சாயங்காலமே மாமியார் மகனையும் இழுத்துக்கொண்டு வந்து என் தங்கையைக் கட்டிப் பிடித்து ஓவென்று அழுதாள்.

"அந்தச் சண்டாளி செஞ்சதுக்கு உன்னைப் போய் வாய்க்கு வந்தபடி பேசிட்டேனேம்மா. என் நாக்கு அழுக."

சூட்கேஸை மாமியாரே தூக்கிக்கொண்டு போனாள். அதன் பிறகு என் தங்கையைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். வழக்கு விசாரணைக்கு வந்தபோது அவள் மறுபடி கர்ப்பமாக இருந்தாள்.

ஆக, கணக்கு எளிது. நர்ஸ் குற்றவாளி என்றால் என் தங்கையின் வயிறு நல்ல வயிறு. நர்ஸ் வெளியே வந்தால் சூட்கேஸ் என் வாசலுக்கு வரும்.

கோர்ட் அறை, பழைய பள்ளிக்கூட வகுப்பறை மாதிரி இருந்தது. மேலே ஒரு ஃபேன் கிரீச்சிட்டுக்கொண்டே சுற்றியது. முன்வரிசை பெஞ்சில் மாமியார் தண்ணீர் பிளாஸ்கோடு முதல் ஆளாக உட்கார்ந்துவிடுவாள். மேடையில் ஒரு ஜட்ஜ், பெஞ்சில் ஒரு ஜட்ஜ். அவளுக்கு இந்தப் பக்கம் என் தங்கை, அவளை ஒட்டி நான். அந்தப் பக்கம் மற்ற இரண்டு அம்மாக்கள். நான் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கவுண்டரில் இருப்பவள். லீவு போட்டுப் போட்டு, மேனேஜர் என்னைப் பார்த்தாலே முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

கூண்டுக்குள் நர்ஸ். வார்டில் அம்மாக்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் குருவி. ஆள் அவ்வளவு சிறிசு, பெட்டிக்குப் பெட்டி தத்திக்கொண்டே இருப்பாளாம். பேப்பர்காரர்கள் அதைத் தொட்டில் பேய் என்று மாற்றிவிட்டார்கள். பேய் மூக்கைச் சிந்திக்கொண்டு, சட்டைக் கையில் பிரிந்த நூலைச் சுருட்டிக்கொண்டு நின்றது.

வழக்கு மொத்தமும் ஒரு பட்டனில் தொங்கியது. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மெஷின் இருக்கும். அதன் வயர் குழந்தையின் பாதத்தில் சுற்றியிருக்கும். மூச்சு குறைந்தால் மணி அடிக்கும். மணியை நிறுத்த ஒரு பட்டன். மூன்று குழந்தைகளுக்கும் கடைசி நேரத்தில் மணி அடித்திருக்கிறது, யாரோ பட்டனை அமுக்கியிருக்கிறார்கள். அமுக்கியதை மெஷின் ஞாபகம் வைத்திருந்தது. விரல் யாருடையது என்பது மெஷினுக்குத் தெரியாது. மூன்று தடவையும் வார்டில் இருந்தவள் குருவி என்றார் அரசு வக்கீல்.

குருவியின் வக்கீல் இளம் வயசு, கோட்டு தோளில் நிற்கவில்லை. அவர் தலைமை நர்ஸைக் கேட்டார். "குழந்தை காலை உதைச்சாலே வயர் நழுவி மணி அடிக்கும், இல்லையா? நாள் முழுக்க சும்மா சும்மா அடிக்கும். அதனால பக்கத்துல உட்கார்ந்திருக்கிற அம்மாக்களுக்கே பட்டனை அமுக்கச் சொல்லிக் குடுத்திருந்தீங்க. அதுதானே உங்க வார்டு பழக்கம்?"

"அப்படி ஒரு பழக்கமே எங்க வார்டுல கிடையாது," என்றாள் தலைமை நர்ஸ். "விதிப்படி நர்ஸைத் தவிர யாரும் மெஷினைத் தொடக் கூடாது."

மற்ற நர்ஸ்களும் வரிசையாக வந்து அதையே சொன்னார்கள். வேலை போய்விடும் என்ற பயம் ஒவ்வொரு முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. குருவியோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்களாம். ஒருத்தியும் கூண்டுப் பக்கம் திரும்பவில்லை.

பிறகு அம்மாக்கள். முதல் அம்மா, நான் தொடவே இல்லை என்றாள். இரண்டாமவளும் அப்படித்தான். சொல்லிவிட்டு இறங்கும்போது இருவரும் என் தங்கையை ஒரு பார்வை பார்த்தார்கள்.

எனக்குப் பொய் தெரியும். கவுண்டரில் வேறென்ன வேலை? அரை டிக்கெட் வாங்குவதற்காகப் பிள்ளையின் வயசைக் குறைத்துச் சொல்லும் அப்பா அம்மாக்களைத் தினமும் பார்க்கிறேன். என் கண்ணைத்தான் பார்ப்பார்கள், குரல்கூட நடுங்காது. ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்னால் பிள்ளையின் தலையை ஒருமுறை தடவுவார்கள். அவ்வளவுதான். தடவினால் நான் முழு டிக்கெட் கிழித்துவிடுவேன்.

என் தங்கை சாட்சிக் கூண்டில் ஏறினாள். ஏறுவதற்கே மூச்சு வாங்கியது.

"அன்னிக்கு மத்தியானம் பெட்டி பக்கத்துல நீங்கதான் உட்கார்ந்திருந்தீங்க. மணி அடிச்சுது. பட்டனை அமுக்கினது நீங்கதானே?" என்று கேட்டார் குருவியின் வக்கீல்.

தங்கை வயிற்றை ஒருமுறை தடவினாள்.

"இல்லைங்க. நான் எதையும் தொடலை. அந்த நர்ஸ்தான் வந்து அமுக்கிட்டுப் போனாங்க."

"பொய்!" என்று குருவி கத்தினாள். சின்ன ஆளுக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "ஏங்க இப்படிப் பொய் சொல்றீங்க? உங்க விரலைப் பிடிச்சு நான்தானே சொல்லிக் குடுத்தேன்! அமுக்கிட்டு என்னைக் கூப்பிடுங்கன்னு சொன்னேனே!"

ஜட்ஜ் மேசையைத் தட்டினார். போலீஸ்காரி குருவியைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். மாமியார் அறை முழுக்கக் கேட்கும்படி உச்சுக்கொட்டினாள்.

"என்ன நெஞ்சழுத்தம் பாரு. பெத்தவ தலையிலேயே கட்டப் பார்க்கிறா."

இடைவேளையில் தங்கையை பாத்ரூமுக்கு அழைத்துப் போனேன். கதவைச் சாத்தியதும் அவள் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்பவும் போல வயர்தான் நழுவிடுச்சுன்னு நினைச்சேன்க்கா. அமுக்கினேன். அவன் முகத்தைப் பார்த்தேன், தூங்குற மாதிரிதான் இருந்தான். குருவி அந்தக் கோடியில வேற குழந்தையோட இருந்தா. ஒரு வயருக்குப் போய் ஏன் கூப்பிடணும்னு விட்டுட்டேன்." கதவுப் பக்கம் திரும்பினாள். "இப்பவே உள்ளே போய்ச் சொல்லிடட்டுமாக்கா? அவளுக்கும் வீட்டுல ஒரு பொண்ணு இருக்காம்."

"சொல்லிட்டு எங்கே போவ? என் வீட்டுக்கா?"

அவள் குழாயைத் திறந்துவிட்டாள்.

"வயித்துல இருக்கிறதைத் தூக்கிட்டு எங்கேடி போவ? மூஞ்சியைக் கழுவு."

கழுவினாள். நானே குழாயை மூடினேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். குருவி எனக்கு யார்? இவள் என் கூடப் பிறந்தவள்.

தீர்ப்பு நாளன்று வாசலில் கூட்டம். குற்றவாளி என்றார் ஜட்ஜ். தலை நரைக்கும்வரை ஜெயில். முன்வரிசையில் கைதட்டினார்கள். மாமியார் என் தங்கையின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "என் குலத்தைக் காப்பாத்த வந்தவடி நீ," என்று முத்தம் கொடுத்தாள். பின்வரிசையில் ஒரு சிறுமி தன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, "அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

போலீஸ்காரி குருவியை எங்கள் பெஞ்சைத் தாண்டிக் கூட்டிப் போனாள். குருவி நின்றாள். காறித் துப்பப் போகிறாள் என்று நினைத்து நான் தங்கைக்கு முன்னால் கையை நீட்டினேன். அவள் துப்பவில்லை. குனிந்து தங்கையின் பாதங்களைப் பார்த்தாள். செருப்பு வார் சதைக்குள் புதைந்து, பாதம் இரண்டும் உப்பிப்போய் இருந்தன.

"கால் இப்படி வீங்கக் கூடாது," என்றாள். "இன்னிக்கே டாக்டரைப் பாருங்க. பிரஷர் பார்க்கச் சொல்லுங்க."

"போற போக்குல கண்ணு வெச்சுட்டுப் போறா சனியன்," என்றாள் மாமியார். "அவ பேச்சைக் கேட்டு டாக்டர்கிட்டப் போகணுமாக்கும். உட்கார்ந்தே இருந்தா யாருக்கும் கால் வீங்கத்தான் செய்யும்."

டாக்டரிடம் யாரும் போகவில்லை. கொலைகாரி சொன்ன வைத்தியத்தை எந்த முகத்தோடு கேட்பது? அடுத்த வாரமே தங்கைக்குப் பிரஷர் எகிறி வலிப்பு வந்தது. வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். இந்தமுறை பெண். மறுபடியும் குறைமாதம், அதே வார்டு, அதே கண்ணாடிப் பெட்டி.

வார்டு விதிகள் மட்டும் மாறியிருந்தன. மணிப் பட்டனுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி போட்டுப் பூட்டியிருந்தார்கள். அம்மாவைத் தனியாக உட்கார விடுவதில்லை, சாட்சிக்கு ஒரு சொந்தக்காரர் கூடவே இருக்க வேண்டும். அதனால்தான் நானும் உள்ளே இருந்தேன். நர்ஸ்களுக்கும் புது உத்தரவு. இன்னொரு நர்ஸ் பக்கத்தில் நின்று பார்க்காமல் எந்த நர்ஸும் பெட்டிக்குள் கை விடக் கூடாது. தீர்ப்புக்குப் பிறகு அவர்களே கேட்டு வாங்கிக்கொண்ட உத்தரவு அது.

ஒருநாள் மத்தியானம் மணி அடித்தது. வயர் பாதத்தில் இறுக்கமாகத்தான் சுற்றியிருந்தது. குழந்தையின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

வார்டில் அப்போது ஒரே நர்ஸ், புதிதாகச் சேர்ந்த பெண். கூட இருக்க வேண்டியவள் இன்னொரு குழந்தையை ஸ்கேனுக்கு எடுத்துப் போயிருந்தாள். இந்தப் பெண் ஓடி வந்தாள், பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தொடுங்க! அவளைத் தட்டி எழுப்புங்க!" என்று தங்கை அலறினாள்.

"தனியாத் தொடக் கூடாதும்மா. ஆள் வரட்டும்." அந்தப் பெண் வாசலைப் பார்த்துக் கத்தினாள். "யாராவது வாங்க! சிஸ்டர்! டாக்டர்! யாராவது வாங்களேன்!" கத்திக் கத்திக் குரல் கட்டிப்போனது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கை மட்டும் பின்னாலிருந்து வரவே இல்லை.

என் தங்கை பெட்டியின் வட்டக் கதவுவரை கையைக் கொண்டுபோனாள். தொடாமல் இழுத்துக்கொண்டாள். நானும் தொடவில்லை. மணி நிற்காமல் அடித்தது, அமுக்க ஆளில்லை.

டாக்டர் வந்தபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவர்தான் பூட்டைத் திறந்து மணியை நிறுத்தினார்.

மாமியார் உள்ளே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். அழவில்லை. என் தங்கையை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவதான் ஜெயில்ல இருக்காளே," என்றாள் நிதானமாக. "அப்ப இது யாரு செஞ்சது?"

பின்னால் அவளுடைய மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் தங்கையின் கண் அறை முழுக்க அலைந்தது. பெட்டி, மெஷின், பூட்டு, என் முகம். கடைசியில் அந்தப் புது நர்ஸிடம் வந்து நின்றது. கை உயர்ந்தது.

"இவதான் அத்தை. கிட்டவே வரலை. யாரையும் கூப்பிடலை. என் பொண்ணு சாகிறதைப் பார்த்துக்கிட்டு நின்னா."

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். கட்டிப்போன தொண்டையில் காற்றுத்தான் வந்தது.

"அக்கா, நீங்க பார்த்தீங்கல்ல? எத்தனை தடவை கூப்பிட்டேன். சொல்லுங்கக்கா."

மாமியார் என் பக்கம் திரும்பினாள். "ஆமா, நீயும் இங்கேதானே இருந்த? இவ யாரையாவது கூப்பிட்டாளா?"

நான் அந்தப் பெண்ணின் கையை விலக்கினேன். என் தங்கையைப் பக்கத்தில் இழுத்து, அவள் தலையை ஒருமுறை தடவினேன்.